படம் சரியாகத்தான் இருக்கிறது

என் மனைவியின் வலது கண்ணில் இப்போது மிச்சமிருப்பது கொஞ்சம் பார்வைதான். இடது கண் பரவாயில்லை என்கிறார்கள். கண் போனதற்கு நோய் காரணம். போவது தெரியாமலே போனதற்கு நான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் எழுதப்போவது பெரும்பாலும் ஒரு டிவியைப் பற்றி. நடுவில் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கும் வருகிறது. எந்த வீட்டில் நின்று சிரிக்கிறோம் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

நான் நாமக்கல்லில் ஓர் உறைவிடப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஊரில் பிள்ளைகளையும் கோழிகளையும் ஒரே முறையில்தான் வளர்க்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அது அநியாயம். கோழிக் கொட்டகையில் ஒரு நேரத்துக்கு மேல் விளக்கை அணைத்துவிடுவார்கள். எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் வேதமாக இருந்தது விடைக்குறிப்பு. அதில் இருப்பது சரி, இல்லாதது தவறு. ஒரு பையன் எழுந்து, “சார், விடை வேற மாதிரியும் வரலாமில்லீங்களா?” என்று கேட்டால், “வரலாம், மார்க்குதான் வராது” என்பேன். வகுப்பே சிரிக்கும். பையன் உட்கார்ந்துவிடுவான். இப்படியே காலம் தள்ளியவன் ஓய்வு பெற்ற பிறகு, உட்கார வைக்க ஆள் இல்லாமல் தவித்தேன். வீட்டில் இருந்தது ஒரே ஒருத்தி.

சேலத்தில் இருக்கும் எங்கள் மகள் ஒரு தீபாவளிக்குப் பெரிய டிவி வாங்கி அனுப்பினாள். வந்து மாட்டிய ஆள் போட்டுக் காட்டியதும் என் மனைவி கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, “அடேங்கப்பா, சாமி கும்பிடற மாதிரி இருக்குது” என்றாள். எனக்கோ பார்த்ததுமே குறைதான் கண்ணில் பட்டது. செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர். கிரிக்கெட் மைதானம், குமாரபாளையத்துச் சாயத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். கடையில் வரிசையாக நிற்கும் டிவிகளுக்கு நடுவே தன் டிவி கண்ணை அடிக்க வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் வெள்ளையில் நீலத்தைக் கொட்டித்தான் அனுப்புகிறார்கள். வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவது போலத்தான். அளவு தாண்டினால் வேட்டி என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இணையத்தில் தேடினேன். அங்கே இதையே தவமாகக் கொண்ட ஒரு கூட்டம் இருக்கிறது. பெரும்பாலும் ஆண்கள். வேலை இல்லாதவர்கள், அல்லது இருக்கிற வேலையைச் செய்யாதவர்கள். அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது, வெள்ளை என்பதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் அளவு உண்டு என்று. அதாவது வெள்ளைக்கு ஒரு விடைக்குறிப்பு! அன்று எனக்கு வந்த சந்தோஷம் மகள் பிறந்த அன்றுகூட வரவில்லை என்றால் மிகைதான்; ஆனால் ரொம்பவும் மிகை இல்லை.

எல்லா டிவியிலும் நாம் பார்க்கிற மெனுவுக்குப் பின்னால் இன்னொரு மெனு ஒளிந்திருக்கிறது. பழுது பார்க்கிறவர்களுக்காக வைத்தது. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தி, அது மறைவதற்குள் நான்கு எண்களைத் தட்ட வேண்டும். மெதுவாகத் தட்டினால் திறக்காது. ஒருவழியாகத் திறந்தது. அலங்காரம் எதுவும் இல்லாத பட்டியல். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். அதற்குக் கீழே என்னென்னவோ சுருக்கெழுத்துகள். ஒன்றைத் தவறாக மாற்றினால் டிவி செத்துப்போகும் என்று இணையத்துக் கூட்டம் எச்சரித்திருந்தது. கருவறைக்குள் போன பூசாரி மாதிரி நின்றேன். பின்னால் என் மனைவி, “ஏனுங்க, சீரியல் போட்டிருப்பான்” என்றாள்.

வெள்ளையை அளக்க ஒரு கருவி உண்டு. விலை கேட்டால் அந்தக் கருவியை டிவிக்குப் பதிலாகச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். ஆகவே நாமக்கல்காரன் செய்யக்கூடியதைச் செய்தேன். அன்று பண்ணையிலிருந்து வந்த ஒரு முட்டையை எடுத்தேன். காலை வெயில் ஜன்னல் வழியாக மேலே படும்படி அதைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை முட்டையின் வெள்ளைக்குச் சமமாகும் வரை எண்களை ஏற்றி இறக்குவது என் முறை. ரிமோட் ஒரு கையில் இருந்ததாலும் தள்ளி நின்று பார்க்க வேண்டி இருந்ததாலும் முட்டையைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. பிடித்தவள் என் மனைவி.

“முட்டையும் திரையும் ஒரே வெள்ளையா இருக்குதா, பாத்துச் சொல்லு.”

“இருக்குதுங்க.”

“நல்லாப் பாரு. மஞ்சள் தட்டலையா?”

“எனக்கு ரெண்டுமே அழுக்காத்தான் தெரியுதுங்க.”

“முட்டை எப்படி அழுக்காகும்? இன்னைக்கு வந்தது.”

“கழுவாமக் குடுத்திருப்பாங்க. கை வலிக்குது, இதைக் கல்லுல ஊத்தட்டுங்களா?”

அடுத்தது கறுப்பு. கறுப்புத் திரையில் கறுப்பை விடக் கொஞ்சமே வெளுத்த பட்டைகள் வரிசையாக வரும், ஒவ்வொன்றும் முந்தையதை விட ஒரு மயிரிழை வெளுப்பு. எத்தனையாவது பட்டையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிறது என்பதை வைத்துக் கறுப்பைத் திருத்த வேண்டும். எனக்கு மூன்றாவதிலிருந்து தெரிந்தது. அவளைக் கேட்டேன். திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, “இதுல என்னங்க இருக்குது? டிவி ஆப்பாயிருச்சா?” என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மகளுக்கு போன் போட்டு அதைச் சொல்லியும் சிரித்தேன். அவளும் சிரித்தாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

வகுப்பில் பின்பெஞ்சுப் பையன் ஒருவன் போர்டில் இருப்பது தெரியவில்லை என்று சொன்னால், அன்று சாயங்காலமே விடுதிக் காப்பாளரைக் கூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் போகச் சொல்லுவேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படிக் கண்ணாடி போட வைத்திருக்கிறேன். மார்க் போய்விடுமே! என் மனைவிக்கு மார்க் எதுவும் வரவேண்டியிருக்கவில்லை.

பொங்கல் வாக்கில் திருத்தம் முடிந்தது. அந்தப் படத்தின் அழகை இப்போதும் மறுக்க மாட்டேன். தோல் தோலாக இருந்தது, மண் மண்ணாக இருந்தது. இரண்டாம் நாளே அவள் குறை சொல்ல ஆரம்பித்தாள்.

“ஏனுங்க, படம் மங்கலா இருக்குது.”

“படம் சரியாத்தான் இருக்கு.”

“பொகை போட்ட மாதிரி தெரியுதுங்க.”

“இத்தனை நாள் பாத்தது பொய். இதுதான் நெசம். கண்ணு பழகணும்.”

கண் பழகவில்லை. நான் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் அவள் சாதாரண மெனுவில் இருக்கிற பளிச்சென்ற நிலைக்கு மாற்றிவிடுவாள். நான் வந்து திருத்துவேன். குளிக்கப் போனால் மாற்றுவாள். துவட்டிக்கொண்டே வந்து திருத்துவேன். பேரன் பேத்தி கண்ட தம்பதிகள் இப்படி ஒரு ரிமோட்டுக்காக ஒளிந்து பிடித்து விளையாடினோம். ஒருநாள், “ஒரு மனுசன் மாசக்கணக்காப் படிச்சு, ஒவ்வொரு எண்ணாப் பாத்துப் பாத்து வெச்சதை ஒரே அமுக்குல கெடுக்கறியே, உனக்கு ரசனைன்னு ஏதாச்சும் உண்டா?” என்று கத்தினேன். அவள் நிதானமாக, “எனக்கு ரசனை வேண்டாமுங்க, மூஞ்சி தெரிஞ்சாப் போதும்” என்றாள். மூஞ்சி தெரிந்தால் போதும் என்று ஒருத்தி சொல்கிறாள். அப்படியானால் மூஞ்சி தெரியவில்லை என்று பொருள். இது இயற்பியல்கூட இல்லை. எனக்கு அது நாக்கு நீளம் என்று மட்டும்தான் பட்டது.

ஒளிந்திருக்கும் மெனுவில் விடுதி முறை என்று ஒன்று உண்டு. லாட்ஜ்களில் தங்க வருகிறவர்கள் டிவியின் அமைப்புகளைக் கண்டபடி மாற்றிவிடாமல் பூட்டி வைப்பதற்கு. பங்குனியில் ஒருநாள் அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது அதைத் திறந்து பூட்டினேன். என் வீட்டில் என் மனைவி தங்க வந்தவள் ஆனாள்.

திரும்பி வந்தவள் ரிமோட்டை அமுக்கிப் பார்த்தாள். சேனல் மாறியது, சத்தம் கூடியது. படம் மட்டும் மாறவில்லை. ரிமோட்டை உள்ளங்கையில் தட்டினாள். பேட்டரியைக் கழற்றி உருட்டிப் போட்டாள். பிறகு வெயிலில் காய வைத்தாள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில், மிளகாய் வற்றலுக்குப் பக்கத்தில் இரண்டு பேட்டரிகள். மத்தியானம் ஒருமுறை மாடியேறிப் போய்த் திருப்பியும் போட்டாள். காய்ந்த பேட்டரியைப் போட்டு அமுக்கிப் பார்த்து, “இன்னும் ஏறலையாட்ட இருக்குது” என்று மறுநாளும் காய வைத்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தோடு அந்த நாற்காலியில் இருந்தவனை இப்போது நினைத்தால் எனக்கே எழுந்து போய் அறைய வேண்டும் போல இருக்கிறது. அன்று எனக்கு இருந்தது சந்தோஷம்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க டிவி. பேட்டரி காய வைத்து அலுத்த என் மனைவி சாயங்காலம் ஆனால் அங்கே போக ஆரம்பித்தாள். ஆனி மாதத்தில் ஒருநாள் மழை வரும் போலிருந்ததால் கூப்பிடப் போனேன். கூடத்துக்குள் நுழையும்போதே கண் கூசியது. கதாநாயகியின் பட்டுப்புடவை தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. என் மனைவி அதற்கு எதிரே, அந்த வீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டு, வெகுநாளாக நான் பார்க்காத ஒரு சிரிப்போடு உட்கார்ந்திருந்தாள்.

“ஏனுங்க, இங்க பாருங்க, எல்லாமே பளிச்சுனு தெரியுது. அந்தப் புள்ள கம்மல் கூடத் தெரியுது.”

இதைவிடப் பெரிய அவமானம் எனக்கு வேண்டியதில்லை. வீட்டுக்காரரிடம், “உங்க டிவியில நெறம் தப்பா இருக்குங்க” என்றேன்.

“என்ற டிவிக்கு என்னங்க வாத்தியாரே? நல்லாத்தானே ஓடுது?”

சேனலை மாற்றச் சொன்னேன். ஒரு சமையல் நிகழ்ச்சியில் முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். “அந்த மஞ்சக் கருவைப் பாருங்க. எந்தக் கோழி அந்த நெறத்துல போடும்?”

அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கினார். “அட, ஆமா! எவ்வளவு மக்காச்சோளம் போட்டாலும் இந்தச் செவப்பு வராதுங்களே. வாத்தியாரே, இத்தன நாளா இவன் நம்மள ஏமாத்தியிருக்கறானா?” என்றார். தொழிலில் கை வைத்ததும் மனிதர் விழுந்துவிட்டார். ரிமோட்டை என் கையில் கொடுத்தார்.

அது வேறு தயாரிப்பு. மெனு திறந்துகொண்டது; பட்டியல்தான் வேறு மாதிரி இருந்தது. சுருக்கெழுத்து ஒன்றைப் பார்த்து இதுதான் வெள்ளை என்று நினைத்து மாற்றினேன். டிவி ஒருமுறை அணைந்து எரிந்து ஒரு செய்திச் சேனலில் நின்றது. செய்தி வாசிப்பவர் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நாட்டு நடப்பைச் சொன்னார். கீழே ஓட வேண்டிய எழுத்துகள் கூரைப் பக்கம் தலைகீழாக ஓடின.

“வாத்தியாரே, முட்டை வெலை மேல போயிருச்சுங்க!” என்றார் வீட்டுக்காரர். அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். திரும்பவும் மெனுவைத் திறந்தேன். அதுவும் தலைகீழாகத்தான் வந்தது. கழுத்தை முறித்துக்கொண்டு படித்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. பண்ணைக்காரர் என்னை ஆறுதல்படுத்தும் விதமாக, “செரி உடுங்க, ஆளக் கூப்புட்டு டிவியக் கவுத்து மாட்டிப்போடலாம்” என்றார். கடைசியில் ஒருவழியாக நேரானது. நேரானதும் விட்டுவிட்டு வந்தேனா? இல்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று வெள்ளையையும் திருத்திவிட்டுத்தான் வந்தேன். மறுநாள் காலையில் அவர் பழையபடி தீப்பிடிக்க வைத்துவிட்டார் என்பது தனிக்கதை. ஆனால் என் மனைவி அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. “எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறதுங்க?” என்றாள்.

அன்றிலிருந்து படம் மங்கலாக இருக்கிறது என்று அவள் சொல்வதும் நின்றது. சாயங்காலம் என் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அவரைக்காய் கிள்ளிக்கொண்டு, அமைதியாகச் சீரியல் பார்த்தாள். கண் பழகிவிட்டது, ரசனை வந்துவிட்டது, முட்டாள் மாணவியும் ஆசிரியர் நல்லவராக இருந்தால் தேறிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். இடையில் நிலைக்கதவில் வலது தோளை இடித்துக்கொண்டாள். டம்ளரை வைக்கும்போது மேசை விளிம்புக்கு வெளியே வைத்தாள். “பராக்குப் பாத்துட்டு நடக்காதே” என்றேன்.

அடுத்த பொங்கலுக்கு மகள் வந்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் சமையல்கட்டில் நான் தண்ணீர் குடிக்கும்போது பின்னாலேயே வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“ஏனுங்ப்பா, அம்மா டிவி பாக்கறாங்களா?”

“நல்லாப் பாக்கறாளே. இப்பக்கூடப் பாத்துட்டுத்தானே இருக்கறா?”

“பாக்கலீங்ப்பா. கேட்டுட்டு இருக்கறாங்க. நான் சத்தத்த நிறுத்திப்போட்டு, இப்ப யாரும்மா வந்தான்னு கேட்டேன். தெரியலீங்கறாங்க.”

நான் படத்தின் தரத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

சேலத்தில் கண் மருத்துவமனையில் என் மனைவியை ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகம் வைக்கச் சொன்னார்கள். ஒரு கண்ணை மூடி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். கிண்ணத்துக்குள் அங்கங்கே சின்ன வெளிச்சப் புள்ளி வரும், மங்கியும் பளிச்சென்றும். தெரிந்தால் அமுக்க வேண்டும். பக்கத்தில் சோதனை செய்யும் பெண்ணின் திரையில் புள்ளிகள் வருவது எனக்கும் தெரிந்தது. புள்ளி வந்தது. அவள் அமுக்கவில்லை. இன்னொன்று வந்தது. அமுக்கவில்லை. பொத்தானைப் பிடித்தபடி, ஒழுங்காகப் படித்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள். கறுப்புப் பட்டைகளை வைத்து நான் வீட்டிலேயே செய்த சோதனைதான் இது. என்ன, நான் அதன் முடிவை டிவியின் கணக்கில் சேர்த்திருந்தேன்.

க்ளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பை அரிக்கிற நோய். வலி இருக்காது, சிவக்காது. போனது திரும்பாது. டாக்டர் ஓர் இளம்பெண். சோதனைத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் கேட்டார்.

“எப்ப இருந்தும்மா சரியாத் தெரியல?”

“இப்பத்தானுங்க. ஒரு மாசம் இருக்குமுங்க.”

“ஒரு மாசமா? நரம்பைப் பாத்தா ரொம்ப நாளா இருந்த மாதிரி இருக்கே. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஒரு மாசந்தானுங்க.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க கவனிச்சீங்களா? ஒரு மாசம்தானா?”

மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறக்காமல் ஆட்டினால் பாதிப் பொய்தான் சேரும் என்று நினைத்தேனோ என்னவோ.

“ஒரு மாசத்துல இவ்ளோ போயிருக்குன்னா ரொம்ப வேகம். சொட்டு மருந்தை மட்டும் நம்பி உக்கார முடியாது. ஆப்ரேஷன் பண்ணிரலாம். பார்வையைக் கூட்டறதுக்கு இல்ல, இருக்கறதைக் காப்பாத்தறதுக்கு. ஆனா இவங்க கண்ணு இருக்கற நிலைமையில, ஆப்ரேஷனோட சேத்து மிச்சம் இருக்கறதும் போகறதுக்கு ஒரு வாய்ப்பு இருக்கு. அதையும் சொல்லிடறேன்.” அடுத்த வாரத்துக்கு நாள் குறித்தார். அதுவரை போடச் சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டிவியின் பூட்டைத் திறந்தேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மருந்து போட அவள் தலையை அண்ணாந்தபோது நான்தான் கேட்டேன்.

“ஏன் ஒரு மாசம்னு சொன்னே?”

“பின்ன என்னங்க சொல்றது? எங்கூட்டுக்காரர் டிவியப் பூட்டி வெச்சிருந்தாருன்னு சொல்லட்டுங்களா? அந்தம்மா சிரிச்சிருக்கும்.”

“பூட்டினது உனக்குத் தெரியுமா?”

“கோழிப்பண்ணைக்காரரு ஊட்டுல எல்லாருக்கும் தெரியுமுங்க. நீங்கதானே சொன்னீங்களாமா. அவிய சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன்.”

மருந்து கண்ணில் விழாமல் கன்னத்தில் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

அந்த வாரம் முழுவதும் நான் என்னோடு வழக்காடினேன். டாக்டருக்குத்தான் நரம்பைப் பார்த்தாலே தெரிகிறதே, நான் வேறு சொல்ல வேண்டுமா? ஆப்ரேஷன் நல்லதாகவே முடியலாமே? இப்போது போய்ச் சொன்னால் மகள் என்ன நினைப்பாள்? படித்தவனுக்குச் சாக்குக்கா பஞ்சம்? இரண்டு பட்டம் வாங்கியவன் இருபது சாக்குச் சொல்லுவான். உண்மை இதுதான்: ஒரு வருடம் என்று சொன்னால் நான் யார் என்பது தெரிந்துவிடும். ஒரு மாதம் என்று விட்டால் அவள் கண்ணில் கத்தி போகும். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு வாரம் யோசித்த ஆளைப் பற்றித்தான் நீங்கள் இவ்வளவு நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆப்ரேஷன் நாள் காலையில் அவளுக்குப் பச்சை அங்கி மாட்டி உட்கார வைத்திருந்தார்கள். தலையில் துணித் தொப்பி. என்னைப் பார்த்து, “எப்படி இருக்கறேன், கோமாளியாட்டவா?” என்றாள். நான் நேராக டாக்டரின் அறைக்குள் போனேன். மகளும் பின்னால் வந்தாள். இருக்கட்டும் என்று விட்டேன்.

“ஒரு மாசம் இல்லீங்க டாக்டர். போன வருசப் பொங்கல்ல இருந்தே சொல்லிட்டிருந்தா. பொகை மாதிரி தெரியுது, மூஞ்சி தெரியலன்னு. நான் டிவியைத் திருத்திட்டிருந்தேன்.”

“டிவியையா?”

விளக்கிச் சொன்னேன். ஒளிந்திருக்கும் மெனு, முட்டை, பூட்டு, வெயிலில் காய்ந்த பேட்டரி வரை எல்லாம். மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் நின்று கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

என் மனைவியின் கண் அழுத்தத்தை மறுபடி அளந்தார். ஒரு வாரச் சொட்டு மருந்தில் நன்றாக இறங்கியிருந்தது. ஒரு வருடமாக மெதுவாகப் போன பார்வை என்றால் அவசரம் இல்லை, மருந்துக்குக் கேட்கிற கண்ணை அறுக்க வேண்டாம், மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். தொப்பியைக் கழற்றினார்கள். மகள் அம்மாவின் தலைமுடியைக் கோதி விட்டாள். என்னிடம் அன்று முழுவதும் பேசவில்லை. இப்போது பேசுகிறாள், தேவையான அளவுக்கு.

நாமக்கல் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்த என் மனைவி மல்லூர் தாண்டும்போது வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

“நான் சொன்ன பொய்யயாச்சும் உட்டு வெச்சிருக்கலாமில்லீங்க? அதையும் திருத்தோணுமா?”

“ஆப்ரேஷன் வேண்டாம்னு ஆச்சில்ல?”

“அது செரி. ஆனா இனி அந்தம்மாகிட்ட நான் என்ன சொன்னாலும் உங்க மூஞ்சியத்தானே பாக்கும்?”

அவள் சொன்னது சரி.

மூன்று மாதம் கழித்துப் போனோம். மறுபடி கிண்ணம், மறுபடி பொத்தான். டாக்டர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பார்வை போன பகுதியைக் காட்டும் கறுப்பு, இருந்த இடத்திலேயே நின்றிருந்தது. “அப்படியே இருக்கும்மா. மேல போகல. ரொம்ப நல்லாயிருக்கு” என்றார்.

என் மனைவி தயங்கினாள். “எனக்கென்னமோ இந்தப் பக்கம் முன்னைக்குக் கொஞ்சம் மங்கலாத்தானுங்க தெரியுது.”

அன்று பஸ்ஸில் அவள் சொன்னபடியேதான் நடந்தது. டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். தாளைத் திருப்பி என் பக்கம் காட்டினார். தாளில் குறையே இல்லை. எண்கள் எல்லாம் ஒத்துப்போயின. வெளியே கூட்டம் கதவு வரை நின்றது. மேசைக்கு அடியில் என் மனைவி, போதும் எழுந்திருங்கள் என்று என் காலை மிதித்தாள்.

“சார், ரிப்போர்ட் சரியாத்தானே இருக்கு?” என்றார் டாக்டர்.

“அவளுக்கு மங்கலாத் தெரியுதாமுங்க” என்றேன். “இன்னொரு தடவை பாத்துருங்க.”